தைத்தது சரி, தையல் ஏன் படியவில்லை?

காட்பாடியில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் பழைய கறுப்பு மிஷின் வைத்துத் தனக்குக் குர்த்தியும் பிளவுஸும், மகளுக்குப் பாவாடையும் ஃபிராக்கும் தைக்கிறார். அளவு சரியாக வருகிறது, தையலும் கோணாமல் ஓடுகிறது. ஆனால் போட்டுப் பார்த்தால் வீட்டில் தைத்தது என்று பளிச்சென்று தெரிந்துவிடுகிறதாம். நாலு தடவை துவைத்ததும் உள்ளே பிசிறு பிரிந்து நூல் தொங்குகிறது. துணி ஓரத்தை நூலால் பின்னி அடைக்கும் ஓவர்லாக் மிஷின் இல்லை. என்ன செய்யலாம், ஸ்டீம் அயர்ன் வாங்கினால் சரியாகிவிடுமா என்பது கேள்வி.

உங்கள் தையலில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு துணியைச் சேர்க்கும் ஒரு மூட்டைத் தைத்ததும், அதை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் படியவைக்காமல் அடுத்த மூட்டுக்குப் போய்விடுகிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. இஸ்திரிப் பெட்டி பீரோவிலும் மிஷின் ஜன்னலோரத்திலும் இருக்கும் வீட்டில் இதுதான் நடக்கும். பிசிறு தனிப் பிரச்சினை மாதிரித் தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றுதான். தைத்த மூட்டு உள்ளே இரண்டாக விரிந்து படுக்கப்போகிறதா, ஒரே பக்கம் சாய்ந்து படுக்கப்போகிறதா என்பதைத் துணி வெட்டும்போதே முடிவு செய்யவேண்டும். அது தெரிந்தால் எவ்வளவு மார்ஜின் (தையல் கோட்டுக்கு வெளியே விடும் துணி) விடுவது, ஓரத்தை எப்படி அடைப்பது, பெட்டியை எந்தப் பக்கம் வைப்பது எல்லாம் தானாக வந்துவிடும்.

முழுசாகத் தைத்து முடித்துத் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்தால் போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. வண்டிக்காரர் கையில் இருக்கும் கரிப்பெட்டிக்கு நல்ல கனம், நல்ல சூடு. சட்டையில் மடிப்பு எடுப்பதில் அவரை நம்மால் மிஞ்ச முடியாது. ஆனால் தோள் மூட்டின் ஒரு முனையில் கழுத்துப் பட்டி ஏறி, மறுமுனையில் கை ஏறி இரண்டு பக்கமும் அடைபட்ட பிறகு, உள்ளே சுருண்டிருக்கும் மார்ஜினை அவராலும் விரிக்க முடியாது. சுருண்டது சுருண்டபடியே மேலே பெட்டி ஓடும். அந்தச் சுருள் வெளிப்பக்கம் ஒரு தடிப்பாகப் பதிந்துவிடும். கடைச் சட்டைக்கும் வீட்டுச் சட்டைக்கும் கண்ணில் படும் வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தத் தடிப்புதான்.

ஆகவே விதி ஒன்றே ஒன்று: ஒரு தையலை இன்னொரு தையல் குறுக்கே கடக்கும் முன்னால் முதல் தையல் படிந்திருக்கவேண்டும். இதற்காக ஒவ்வொரு மூட்டுக்கும் எழுந்து ஓடவேண்டியதில்லை. ஒன்றை ஒன்று கடக்காத தையல்களை எல்லாம் முதலில் அடித்துக்கொள்ளுங்கள். முன்பக்க டாட்டு (உடம்பின் வளைவுக்காகக் கூம்பாகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு), பின்பக்க டாட்டு, கைகளின் ஓர மடிப்பு, பட்டி மடிப்பு எல்லாம் ஒரே சுற்றில் தைத்துவிடலாம். அப்புறம் ஒரே தடவை எழுந்து எல்லாவற்றையும் படியவையுங்கள். அடுத்த சுற்றில் தோள், அதற்கடுத்து கழுத்து, அப்புறம் கை, கடைசியில் பக்கம். ஒரு குர்த்திக்கு நாலைந்து தடவை எழுந்தால் முடிந்துவிடும்.

படியவைப்பதும் துணி தேய்ப்பதும் வேறு வேறு வேலை. உலர்ந்த புடவையைத் தேய்க்கும்போது பெட்டியை முன்னும் பின்னும் இழுக்கிறோம். தைக்கும் துணியில் அப்படி இழுத்தால் வெட்டு ஓரம் நீண்டுவிடும். கிராஸாக, அதாவது நெசவுக்குச் சாய்வாக, வெட்டிய கழுத்தும் கைக்குழியும் அலை அலையாகிவிடும். இங்கே பெட்டியை வைக்கவேண்டும், அழுத்தவேண்டும், தூக்கவேண்டும், பக்கத்தில் வைக்கவேண்டும். முதலில் தைத்த நிலையிலேயே, இரண்டு துணியும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்போதே, தையல் கோட்டின் மேல் ஒரு தடவை அழுத்துங்கள். நூல் துணிக்குள் உட்கார இந்த முதல் அழுத்தம் தேவை. பலர் இதை விட்டுவிட்டு நேரே விரிக்கப் போவார்கள். பிறகு துணியைத் திறந்து உள்பக்கம் மார்ஜினை விரலால் விரித்து, பெட்டியின் மூக்கை மட்டும் தையல் கோட்டின் மேல் ஓட்டுங்கள். கடைசியாக வெளிப்பக்கம் திருப்பி, மேலே ஒரு மெல்லிய துணி போட்டு ஒரு தடவை. அதன் பிறகு முக்கியமான வேலை, சும்மா இருப்பது. ஆறும்வரை எடுக்கக்கூடாது. சூட்டோடு தூக்கிப் பிடித்தால் துணி தொங்கின நிலையிலேயே ஆறிவிடும். படியவைத்த வேலை வீண்.

பருத்தி நூலில் இருப்பது செல்லுலோஸ். அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை ஈரமும் சூடும் தளர்த்தும். காயும்போது துணி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் அவை மறுபடி பிணைந்துகொள்ளும். அதனால்தான் பருத்திக்கு வெறும் சூடு போதாது, கொஞ்சம் ஈரம் வேண்டும். அதனால்தான் மறுபடி நனைந்தால் மடிப்பு கலைகிறது. பாலியஸ்டர் வேறு மாதிரி. அது 70, 80 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளக ஆரம்பித்து, ஆறும்போது இறுகும். சூடு கூடுதலாக ஏறி இறுகிய மடிப்பு துவைத்தாலும் லேசில் போகாது. பாலியஸ்டரில் தப்பாகப் பதிந்த மடிப்போடு மல்லுக்கட்டுவதைவிட, அந்தத் துண்டை மாற்றி வெட்டுவது பல சமயம் எளிது.

துணியின் லேபிளில் இஸ்திரிப் பெட்டி படத்துக்குள் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி 110 டிகிரி வரை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. நைலானுக்கு ஒன்று, பட்டு, பாலியஸ்டர், கம்பளிக்கு இரண்டு, பருத்திக்கும் லினனுக்கும் மூன்று. மீட்டரில் வெட்டி வாங்கும் துணிக்கு லேபிள் ஏது? அதனால் வெட்டி விழுந்த துண்டில் சோதித்துப் பார்க்காமல் பெட்டியை வைக்காதீர்கள். அந்தத் துண்டிலேயே ஒரு மூட்டும் தைத்துப் பாருங்கள். நூல் டென்ஷன் இறுக்கமாக இருந்து வரும் சுருக்கத்தை எந்தப் பெட்டியாலும் எடுக்கமுடியாது. தையல் ஒவ்வொன்றும் இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர், அதாவது இஞ்சுக்குப் பத்து பன்னிரண்டு விழுகிற மாதிரி வைத்தால் சாதாரணப் பருத்திக்குச் சரியாக இருக்கும்.

இதற்கென்று பெரிய சாமான் எதுவும் வேண்டாம். மிஷினுக்குப் பக்கத்தில், நின்றால் இடுப்பளவு வரும் மேஜை. அதன்மேல் பழைய கம்பளிப் போர்வை இரண்டாக மடித்துப் போட்டு, மேலே வெள்ளைப் பருத்தி. கட்டில் மெத்தைமேல் தேய்க்கிற பழக்கம் வேண்டாம். மெத்தை அமுங்கும், மூட்டு படியாது. ஃபோம் மெத்தை என்றால் தீப்பிடிக்கிற ஆபத்தும் உண்டு. மேலே போட்டு அழுத்த நைந்துபோன நாலு முழ வேட்டியில் ஒரு துண்டு போதும். அதைவிட நல்லது கடையில் கிடைக்காது. அதையே நனைத்துப் பிழிந்து போட்டால் ஆவியும் கிடைத்துவிடும். வளைவான இடங்களுக்கு ஒரு கெட்டியான திண்டு செய்துகொள்ளுங்கள். தடித்த பருத்தித் துணியை ஒரு அடி நீளத்துக்கு முட்டை வடிவில் இரண்டு துண்டு வெட்டி, இரட்டைத் துணியாகத் தைத்து, மர அறுவை மில்லில் உலர்ந்த மரத்தூள் வாங்கி அடைத்தால் போதும். கல் மாதிரி இறுகும்வரை அடைக்கவேண்டும். பஞ்சு அடைத்தால் பயன்படாது. மரத்தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சூட்டைப் பிடித்துவைக்கும். மார்புப் பகுதி டாட்டு, கை மேல்வளைவு எல்லாம் இதன்மேல் வைத்து அழுத்தினால் உடம்பின் வளைவு துணியில் நிற்கும். தட்டையான மேஜையில் டாட்டை அழுத்தினால் எடுத்த வளைவை நாமே திருப்பித் தட்டையாக்குகிறோம். கைபோன்ற குழாய்களுக்குச் சப்பாத்திக் கட்டையில் துணி சுற்றி உள்ளே நுழைத்துக்கொள்ளலாம்.

நன்றாக இழைத்த, வார்னிஷ் அடிக்காத ஒரு கட்டைத்துண்டும் தச்சரிடம் கேட்டு வாங்கிவையுங்கள். கனமான துணியில் ஈரத்தோடு பெட்டியை வைத்துத் தூக்கின மறுநொடி, அந்தக் கட்டையை மூட்டின் மேல் வைத்துப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தவேண்டும். ஆவி மேலே ஓடாமல் துணிக்குள்ளேயே நின்று, மூட்டு தகடு மாதிரிப் படியும். ஜீன்ஸ் துணிக்கும் திரைச்சீலைக்கும் இதுபோல வேறு வழி இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலை பார்த்த பெண்கள் தையல் கற்க வந்தால் அவர்களுக்கு இதெல்லாம் விளக்கத் தேவையில்லை. தோலில் பெட்டி வைக்க முடியாது. அதனால் இரண்டு தோலைத் தைத்ததும் மூட்டை விரித்துச் சுத்தியலால் தட்டி, பசையோ டேப்போ வைத்துப் படியவைத்த பிறகுதான் அடுத்த தையலுக்குப் போகும். தைக்கும் முன்பே ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கிவிடுவார்கள். இல்லையென்றால் நாலு அடுக்கு சேரும் இடத்தில் காலைக் கடிக்கும். துணியிலும் அதே வேலை உண்டு. காலர், கழுத்துப் பட்டி மாதிரி மூன்று நாலு அடுக்கு சேரும் இடத்தில் எல்லா மார்ஜினையும் ஒரே அகலத்தில் வெட்டாதீர்கள். உள்ளே போகும் அடுக்கை அரைக்கால் இஞ்சு, அதற்கடுத்ததைக் கால் இஞ்சு என்று படிப்படியாகக் குறையுங்கள். வெளித்துணியை ஒட்டின அடுக்கு அகலமாக இருக்கட்டும். அப்படி வெட்டினால் வெளிப்பக்கம் ஒரே கோடாகத் தடிக்காது. கழுத்து மாதிரி உள்வளைவில் தையலைத் தொடாமல் நேர் வெட்டுகள் கொடுத்தால் மார்ஜின் விரியும். வட்டக் காலர் மாதிரி வெளிவளைவில் சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டி எடுக்கவேண்டும். இல்லையென்றால் திருப்பும்போது துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கழுத்துப் பட்டியை உள்ளே திருப்பும் முன், மார்ஜினைப் பட்டிப் பக்கம் சாய்த்துப் பட்டியோடு சேர்த்து ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். வெளியே தெரியாது, பட்டி எட்டிப் பார்க்காது.

இனி பிசிறு. உங்களிடம் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் மிஷின். அது குறையே இல்லை. ஓவர்லாக் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் எல்லாரும் நேர்த்தையலை வைத்துத்தானே ஓரத்தை அடைத்தார்கள்? சில இடங்களில் அந்த வேலைதான் இன்றைக்கும் ஓவர்லாக்கைவிட நீடித்து உழைக்கிறது.

பழகுவதற்கு ஒரு குடியாத்தம் லுங்கி வாங்குங்கள். மூட்டாத லுங்கியாகக் கேட்டு வாங்கவேண்டும். லுங்கியில் மேலும் கீழும் வருவது நெய்த கரை, அது பிரியாது. மூட்டவேண்டிய இரண்டு தலைப்பும் வெட்டின ஓரம், கண்டிப்பாகப் பிரியும். வீட்டில் யாராவது தினமும் கட்டித் துவைக்கும் துணி என்பதால் உங்கள் தையல் தேறியதா என்று சீக்கிரம் தெரிந்துவிடும். தையல் வகுப்புகளில் ரன் அண்ட் ஃபெல் என்று சொல்லித்தரும் தையல்தான் இதற்கு. நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க இரண்டு தலைப்பையும் வைத்து, அடியில் இருப்பது கால் இஞ்சு வெளியே நீண்டிருக்கும்படி தள்ளிவையுங்கள். மேலே இருக்கும் துணியின் ஓரத்திலிருந்து கால் இஞ்சு உள்ளே தையுங்கள். தைத்தபடியே ஒரு அழுத்து. நீண்டிருக்கும் கால் இஞ்சை மேல் ஓரத்தின்மீது மடித்து இன்னொரு அழுத்து. இப்போது துணியைத் திறந்து, அந்த மடிப்பு முழுவதையும் ஒரு பக்கமாகச் சாய்த்து, வெட்டு ஓரம் அடியில் மறையும்படி அழுத்தி, மடிப்பு விளிம்பை ஒட்டி இரண்டாவது தையலை ஓட்டுங்கள். உள்ளே ஒரு நூல்கூட வெளியே தெரியாது. நடுவில் வந்த மூன்று அழுத்தங்களையும் விட்டுவிட்டு, கையால் மடித்துக்கொண்டே தைக்க முயன்று பாருங்கள். லுங்கியின் கட்டமே காட்டிக்கொடுக்கும். சட்டைப் பக்கம், பைஜாமா, பள்ளிச் சீருடைக் கால்சட்டை என்று அடிக்கடி துவைக்கும் எதற்கும் இதுதான் என் முதல் தேர்வு.

மகளின் ஃபிராக்குக்கும் மெல்லிய துணிகளுக்கும் பிரெஞ்சுத் தையல். வாயில், மல், ஷிஃபான் இதற்கு உகந்தவை. மொத்தம் அரை இஞ்சு மார்ஜின் விடுங்கள். வழக்கத்துக்கு மாறாக நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துக் கால் இஞ்சில் முதல் தையல். அதை அரைக்கால் இஞ்சாகக் கத்தரித்து, மார்ஜினை ஒரு பக்கம் சாய்த்து அழுத்துங்கள். பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தையல் சரியாக மடிப்பு விளிம்பில் வரும்படி விரலால் உருட்டி அழுத்தி, விளிம்பிலிருந்து கால் இஞ்சில் இரண்டாவது தையல். கத்தரிக்காமல் விட்டால் இரண்டாவது தையலுக்கு வெளியே பிசிறு முள் முள்ளாக எட்டிப்பார்க்கும், அதைப் பிடுங்கவும் முடியாது. குழந்தைகள் ஓவர்லாக் நூல் உறுத்துகிறது என்று சொறிவார்கள், இதில் அந்தத் தொல்லை இல்லை. இடுப்புச் சுருக்கத்தின் மார்ஜினை மேல் பாடிப் பக்கம் தூக்கி அழுத்துங்கள். சுருக்கத்தின்மேல் பெட்டியைப் படுக்கப்போடாதீர்கள். மூக்கு மட்டும் கீழிருந்து மடிப்புகளுக்குள் போய்வரட்டும்.

குர்த்தியின் பக்கத்துக்குப் பிரெஞ்சுத் தையலும் வேண்டாம், ஃபெல்லும் வேண்டாம். காரணம் கீழே பக்கவாட்டில் தைக்காமல் பிளந்து விடும் ஓப்பன். பக்க மூட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கீழே வந்து ஓப்பன் தொடங்கும் இடத்தில் இரண்டாகப் பிரியவேண்டும் என்றால் அங்கே ஒரு முடிச்சு மாதிரிக் குவியும். கடையில் வாங்கும் மலிவுக் குர்த்தி முதலில் கிழிவதும் அங்கேதான். ஒரு இஞ்சு மார்ஜின் விட்டு, மூட்டும் முன்பே நாலு ஓரத்தையும் தனித்தனியே கால் இஞ்சு உள்பக்கம் மடித்து அழுத்தி ஒரு தையல் அடித்துவிடுங்கள். பிறகு மூட்டை ஓப்பன் தொடங்கும் இடம்வரை தைத்து, கடைசியில் நாலைந்து தையல் முன்பின் போட்டு நிறுத்துங்கள். மார்ஜினை இரண்டு பக்கமும் விரித்து மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் அழுத்தினால் ஓப்பனின் மடிப்பு தானாக விழுந்துவிடும். அதன்மேல் தைக்கவேண்டியதுதான் பாக்கி.

பிளவுஸ் கதை தனி. வெளிநாட்டுப் புத்தகங்களில் மூட்டை ஒட்ட வெட்டி அடைக்கச் சொல்வார்கள். நம் வீட்டில் பிளவுஸ் என்பது பிரித்துவிடுவதற்காகவே தைக்கும் உடை. பக்கத்தில் ஒரு இஞ்சு, ஒன்றரை இஞ்சு உள்ளே விட்டு, இரண்டு மூன்று வரிசைத் தையல் போட்டு, உடம்பு கூடினால் ஒரு வரிசை பிரித்துக்கொள்கிறோம். அதை வெட்டி எறியச் சொல்பவர் நம் ஊர்க் கல்யாண சீசன் பார்த்திருக்கமாட்டார். ஆகவே பிளவுஸ் பக்கத்தில் ஒவ்வொரு ஓரத்தையும் தனியாக மடித்து அடித்து, மார்ஜினை விரித்துப் படியவையுங்கள். கைக்குழியில் இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கிராஸ் பீஸ் வைத்து மூடி, கைப் பக்கம் சாய்த்துவிடுங்கள். நிமிர்ந்த டாட்டு நடுப்பக்கம் சாயட்டும், பக்கத்திலிருந்து வரும் டாட்டு கீழ்ப்பக்கம். டாட்டின் நுனிக்கு அப்பால் பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே ஒரு கோடு விழுந்தால் போகாது. ஒருதடவை போட்டுக் கழற்றிய பிளவுஸைத் துவைக்காமல் அக்குள் பக்கம் சூடு வைக்கவும் வேண்டாம். வியர்வைக் கறை நிலைத்துவிடும்.

ஓவர்லாக் கடையை ஒதுக்கச் சொல்லவில்லை. பீக்கோ, ஃபால்ஸ், ஓவர்லாக் என்று பலகை மாட்டிய கடைகள் நம்மூர் பஜார்ப் பக்கம் நிறைய இருக்கின்றன. பட்டு, ஜார்ஜெட் மாதிரி தொட்டாலே பிரியும் துணியை வெட்டினதும், மூட்டும் முன்பே, துண்டு துண்டாகக் கொண்டுபோய் ஓரம் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓவர்லாக் மிஷினில் கத்தி உண்டு. ஓரத்தைச் செதுக்கிக்கொண்டே போகும். எதையும் வெட்டாமல் விளிம்பை ஒட்டி அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்கள் போட்ட அடையாள வெட்டும் மார்ஜினும் கடையிலேயே போய்விடும். கொஞ்ச தூரம் என்றால் ஊசியால் சுற்றுத்தையல் போதும். பல்பல்லாக வெட்டும் கத்தரி நெருக்கமான நெசவுக்கு மட்டும் ஓரளவு உதவும். தளர்ந்த கைத்தறியில் நம்பாதீர்கள்.

துணிவாரியாகச் சில வார்த்தை. குர்த்திக்கு இப்போது எல்லாரும் வாங்குவது ரேயான். அது நனைந்தால் பலம் குறையும், இழுத்தால் நீளும், நல்ல பக்கத்தில் பெட்டி பட்டால் பளபளக்கும். எப்போதும் உள்பக்கம், நடுத்தரச் சூடு. கருநிற பேன்ட் துணியில் உள்ளே விரித்த மார்ஜினின் விளிம்பு வெளிப்பக்கம் இரண்டு கோடாகத் தெரிந்தால், மார்ஜினுக்கு அடியில் நோட்டுப் புத்தகத் தாளை நீளமாகக் கிழித்து நுழைத்து அழுத்துங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வெல்வெட்டைக் கவிழ்த்து டர்க்கி டவல்மேல் போட்டு, பெட்டி தொட்டும் தொடாமலும் ஆவி மட்டும்.

ஆரணிப் பட்டில் பிளவுஸ் தைக்கும்போது தண்ணீர் தெளிக்காதீர்கள், சொட்டு விழுந்த இடம் வட்டமாகத் தெரியும். உலர்ந்த வேட்டித் துண்டு, இரண்டு புள்ளிச் சூடு, உள்பக்கம். ஜரிகைக் கரை கைக்கு வந்தால் இன்னும் எச்சரிக்கை. இப்போதைய ஜரிகையில் பலவற்றில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. சூடு கூடினால் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். கரையின் மிச்சத்துண்டில் சோதிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பட்டில் ஊசி போன துளை தெரியும் என்பதால் பிரித்துத் தைக்கும் யோசனையே இல்லாமல், முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டு அளவு பார்த்துவிட்டுத்தான் மிஷினில் வைக்கவேண்டும். அந்த ஓட்டுத் தையலை எடுத்துவிட்டுத்தான் பெட்டி. அதன்மேல் அழுத்தினால் நூலின் தடம் பதியும்.

அடி மடிப்புக்கு ஒரு சின்ன உபாயம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் அச்சில்லாத பகுதியை வெட்டி, ஓரத்திலிருந்து ஒரு இஞ்சில் பேனா இல்லாமல் பென்சிலால் கோடு போடுங்கள். துணியை அட்டையின்மேல் அந்தக் கோடுவரை மடித்து அழுத்திக்கொண்டே நகர்த்தினால் அளவுநாடா எடுக்காமல் அடி முழுவதும் ஒரே அகலத்தில் மடிந்துவிடும். தங்க நிறம் பூசின பக்கம் மட்டும் துணியில் படவேண்டாம், ஒட்டிக்கொள்ளும். இந்த மடிப்பைத் துணி தட்டையாக இருக்கும்போதே, பக்கம் மூட்டும் முன்பே எடுத்துவைத்துவிட்டால் பின்னால் மடிப்புக்கோடு வழிகாட்டும். கலர் தலை குண்டூசியை எடுத்துவிட்டு அழுத்துங்கள், பிளாஸ்டிக் தலை உருகும். சாக்பீஸ் கோட்டையும் முதலில் தட்டிவிடுங்கள். மெழுகு கலந்தது என்றால் சூட்டில் பதிந்துவிடும்.

சித்திரை, வைகாசி வெயிலில் வேலூரில் பெட்டி பக்கத்தில் நிற்பது தண்டனைதான். ஃபேன் போட்டால் பெட்டியும் ஆறும், மெல்லிய துணியும் பறக்கும். விடியற்காலையில் படியவைக்கும் வேலையை வைத்துக்கொண்டு, பகலில் வெட்டுவதும் ஓட்டுத் தையலும் என்று மாற்றிக்கொள்வது நல்லது. கரண்ட் போய்விட்டால் பருத்தித் துணியில் நகத்தாலோ ஸ்பூனின் முதுகாலோ தையல் கோட்டை நீவிவிட்டு அடுத்த தையலுக்குப் போகலாம். பெட்டி அழுத்தத்துக்கு அது ஈடாகாது. ஆனாலும் மார்ஜின் சுருளாமல் காக்கும். ரேயானும் ஜார்ஜெட்டும் நகத்துக்கு அசையாது, கரண்ட் வரும்வரை அவற்றை மூடிவையுங்கள்.

கடைசியாக ஸ்டீம் அயர்ன். அவசரமாக வாங்காதீர்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதை அப்படியே ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு மாதிரிப் படிந்து ஆவித்துளை அடைத்துக்கொள்ளும். ஒருநாள் வெள்ளைப் பிளவுஸில் பழுப்புத் தண்ணீரைத் துப்பும். காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி ஊற்றத் தயார் என்றால் வாங்கலாம், கனமான துணியில் நேரம் மிச்சமாகும். மற்றபடி வீட்டில் இருக்கும் 750 வாட் அல்லது 1000 வாட் சாதாரணப் பெட்டியும் ஈர வேட்டித் துண்டும் போதும். 1000 வாட் பெட்டி இடைவிடாமல் ஒரு மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட். சூடு ஏறியதும் தானாக அணைந்து அணைந்து எரிவதால் அதைவிடக் குறைவாகவே ஆகும். மூன்று முனை பிளக்கும் சரியான எர்த்தும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியோடு வேலை செய்யப்போகிறீர்கள், காலில் செருப்பு இருக்கட்டும். அடித்தட்டில் கஞ்சி கருகி ஒட்டியிருந்தால் இளஞ்சூட்டில் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், கத்தியால் சுரண்டவேண்டாம். கீறல் விழுந்த தட்டு ஜார்ஜெட்டில் நூலை இழுத்துவிடும்.